யார் சீட்டு என்று கேட்கக் கூடாது

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எடுத்த சீட்டில் இரண்டே வரிகள் இருந்தன.

"நெடுநாளாகப் படுத்த படுக்கையாய் இருப்பவர். இனியும் பாடுபடாமல் ஆண்டவர் அவரைச் சீக்கிரம் தம்மிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும்."

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஜெப வீட்டில் இது பல வருஷத்து வழக்கம். யாருக்கு என்ன கவலையோ அதைப் பெயர் போடாமல் ஒரு தாளில் எழுதித் தகரப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக, ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் ஒருவர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே அளவுத் தாளில் டைப் அடித்து, மூலத்தைச் சுக்குநூறாகக் கிழித்துவிடுவார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெட்டி சுற்றி வரும். வீட்டுக்கு ஒரு சீட்டு. எடுத்தவர் ஏழு நாளும் அதில் உள்ளதை உள்ளபடியே கேட்டு ஜெபிக்க வேண்டும்; கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. யாருடையது என்று விசாரிக்கவே கூடாது. தன் சீட்டே தன் கைக்கு வந்தால் மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம்.

இந்த ஒழுங்கு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஊரே அவளை எக்ஸ்சேஞ்சம்மா என்றுதான் கூப்பிட்டது. ஒருத்தர் குரலை இன்னொருத்தர் காதில் சேர்த்துவிட்டு உடனே ஒதுங்கிக்கொள்வது அவள் கைக்குப் பழகிய வேலை. கூட வேலை பார்த்த பெண்கள் ஒட்டுக்கேட்டு ஊர்க்கதையை அளந்தபோதெல்லாம் அவள் வாயைத் திறந்ததில்லை. "லைனைப் போட்டுக் குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது. பேசறது கல்யாணமா கருமாதியான்னு நமக்கென்னடி?" என்பாள்.

கீழே டயர் கடைக்காரர்கூட அவள் படி இறங்கி வரும்போது விடமாட்டார். "என்னம்மா, இன்னைக்கு மேல லைன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது, கிடைச்சுது. உங்க கடன் பாக்கிதான் அங்க பெருசா ஓடுது. ஒரு நாளாவது மேல ஏறி வாங்க."

அந்தச் சீட்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாவம், யாரோ என்று மனசு இளகியது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு முழங்காலில் நின்று, வாசகம் பிசகாமல் கேட்டாள். காலை ஐந்து, மாலை ஆறு என்பது அவள் வைத்திருந்த நேரம். அதற்குக் கடிகாரம் தேவைப்படாது.

இப்படி ஒரு சீட்டைக் கையில் வாங்கியவள், தன் வீட்டு முன்னறையில் இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கும் மகனை ஏன் நினைக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவள் பேச்சில் அவன் படுத்த படுக்கையாய் இருப்பவன் அல்லன். 'ரெஸ்ட்ல இருக்கான்.' மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்த மகன் கம்பத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போன நாளிலிருந்து யார் விசாரித்தாலும் இந்த ஒரே பதில். டாக்டரிடமே அப்படித்தான் சொன்னாள். டாக்டர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

அவனுக்காக அவள் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தாள். முதலில் இடது கால் கட்டைவிரல் அசைய வேண்டும். பிறகு மற்ற விரல்கள், கணுக்கால், முட்டி. மழைக்காலம் முடிவதற்குள் உட்கார வேண்டும். இப்படி வரிசைப்படுத்தி, தேதி போட்டு, ஆண்டவர் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதையும் அவளே வகுத்துக் கொடுத்திருந்தாள். தேதிகள் கடந்துபோகும்போது அவற்றை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்வாள். காலையில் அவன் போர்வையை விலக்கி அந்தக் கட்டைவிரலைப் பார்க்காமல் அவள் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் விரலைப் பார்க்கக் கை வைத்தபோது பாதம் சுட்டது.

"லேசா காய்ச்சல் அடிக்குதும்மா" என்றான் மகன். "பெருசு பண்ணாத."

தெர்மாமீட்டர் நூறு காட்டியது. மாத்திரை கொடுத்தாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கும் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. இடம், வலம், மல்லாந்து. அன்று இடப்பக்கம் திருப்பியபோது படுத்தே கிடந்ததால் வந்திருந்த முதுகுப் புண்ணின் வாடை வேறு மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தாள். சாயங்காலம் அந்த யாரோ ஒருவருக்காக இன்னும் உருக்கமாகக் கேட்டாள். பாடு என்றால் என்ன என்று தனக்குத் தெரியுமே என்ற நினைப்பில், கண்ணில் நீர்கூட வந்தது. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நூற்றிரண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணுக்குக் கட்டுப் போட வரும் நர்ஸம்மா, கட்டை அவிழ்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். வழக்கமாக வாய் ஓயாதவர் அவர். ஊசி ஒன்று போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "ராத்திரியில மூச்சைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

யாருடைய சீட்டு என்று அவள் விசாரிக்கவில்லை. ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சபையில் தையற்காரர் வீட்டில் மாமனார் ஐந்து மாதமாகக் கிழிந்த துணியாகக் கிடந்தார். அவர்தான். வேறு யார்? புதன்கிழமை மகனுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் தையற்காரர் மனைவியைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதம்மா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சீக்கிரம் விடுதலை கிடைக்கும்."

தையற்காரர் மனைவி விழித்தாள். "யாருக்கும்மா?"

"உன் மாமனாருக்குத்தான்."

"அய்யோ, நல்லாச் சொன்னீங்க போங்க! அவருக்கு ஏற்கெனவே விடுதலைதான். நேத்து எந்திரிச்சு நடந்து போயி பக்கத்து வீட்டுல சீட்டாடிட்டு வர்றாரு. திட்டினா, 'நீங்கதானே எழும்பணும்னு ஜெபிச்சீங்க, எழும்பிட்டேன்'ங்கறாரு. நாங்க எங்கம்மா இந்த மாசம் சீட்டுப் போட்டோம்?"

அவள் சிரித்தாள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். திரும்பி நடக்கும்போது மருந்துப் பை கனத்தது. சபையில் வேறு யார் வீட்டில் நெடுநாளாகப் படுத்தவர் இருக்கிறார்? தெரு முனை வரைக்கும் ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டே வந்தாள். அதற்கு மேல் எண்ணாமல் நிறுத்திக்கொண்டாள். அன்று மாலையும் கேட்டாள், மறுநாள் காலையும் கேட்டாள், பழகிய வாய். ஆனால் இரண்டாவது வரிக்கு வரும்போது முன்னறையில் மகன் மூச்சு இழுபடுவது காதில் விழுந்தது. வியாழக்கிழமை காலைக் காய்ச்சல் நூற்றிமூன்று.

மருமகள் வேலைக்குப் போயிருந்தாள்; பதினொரு மணிக்கு மகனைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு டைப்பிஸ்ட் ஐயா வீட்டுக்குப் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக விதியை மீறப் போகிறோம் என்பது தெரிந்தேதான் போனாள். அவர் டைப்ரைட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. பையனுக்கு எப்படி இருக்கு?"

"ஐயா, இது யார் சீட்டு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். முதல் வரியைப் படித்தவர் இரண்டாவதைப் படிக்கவில்லை. தாளை மேஜை மேல் வைத்தார். துடைத்த டைப்ரைட்டரையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்லக் கூடாதும்மா."

"தெரியும். சொல்லுங்க."

"உங்க கையிலயா வந்துச்சு?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "நாப்பத்திரண்டு சீட்டு அடிச்சேன். உங்க வீட்டுலேர்ந்து வந்தது உங்க வீட்டுக்கே திரும்பிப் போகும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அவள் எழுந்துகொண்டாள். "ஒரு டம்ளர் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கம்மா" என்று அவர் பின்னாலேயே வாசல் வரை வந்தது அவள் காதில் ஏறவில்லை.

மருமகள் அட்டைப்பெட்டி கம்பெனியிலிருந்து வரும்போது மணி ஆறரை. அன்று ஆறு மணிக்கு எக்ஸ்சேஞ்சம்மா முழங்கால் போடவில்லை. அடுக்களை மேடையில் சீட்டை விரித்து வைத்து, அதன் மேல் உப்பு ஜாடியை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். மருமகள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போட்டாள். அட்டை விளிம்பு கீறிய விரல்களில் தண்ணீர் பட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதை நீ எழுதினியா?"

மருமகள் எட்டிப் பார்த்தாள். "டைப்புல இருக்கே அத்தை."

"விளையாடாத."

"எழுதினேன்." துண்டில் கையைத் துடைத்தாள். "உங்ககிட்டயா வந்துச்சு? இத்தனை வீடு இருக்கு, தேடிக்கிட்டு இங்கயேவா வரணும்?"

"நாலு நாளாக் கேட்டிருக்கேன்டி. எட்டுத் தடவை! என் வாயால, என் பிள்ளையை எடுத்துக்கோன்னு எட்டுத் தடவை கேட்டிருக்கேன். திங்கட்கிழமை நூறு, செவ்வாய் நூத்திரண்டு, இன்னைக்கு நூத்திமூணு. நான் கேக்கக் கேக்க ஏறுது, உனக்குக் கண்ணு தெரியலையா?"

மருமகள் சிறிது நேரம் அவளையே பார்த்தாள். பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று அவள் முகத்தில் வந்து போனது.

"அத்தை, நீங்க அவ்வளவு பெரிய ஆளா? ரெண்டு வருஷமா அவர் நடக்கணும்னு கேட்டீங்களே, நடந்தாரா? கட்டைவிரல் அசைஞ்சுதா? அப்பல்லாம் அசையாத ஆண்டவரு, உங்க எட்டுத் தடவைக்கா அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வருவாரு?"

இது ஆறுதலா அறையா என்று அவளுக்குப் புரியவில்லை. கன்னம் மட்டும் எரிந்தது.

"உனக்குச் சலிச்சுப் போச்சு."

"சலிச்சுத்தான் போச்சு. நாள் முழுக்க நின்னுட்டு வந்து இந்தக் கையாலதான் புண்ணைக் கழுவறேன். சலிக்கலைன்னு சொன்னா அந்த ஆண்டவருக்கே அடுக்காது. ஆனா அந்த வார்த்தை என்னோடது இல்ல. உங்க பிள்ளை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வாரம் மாட்டேன் மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் எழுதினேன்."

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் இங்க வந்து சண்டை போடுங்க. எனக்குக் காலுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

கட்டிலில் அவன் முகம் சிவந்து, உதடு வெடித்துக் கிடந்தான். அம்மா உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா அப்படி எழுதச் சொன்ன?"

"வேற யார்கிட்ட சொல்றது? உன்கிட்ட சொன்னா உடனே கட்டைவிரலைப் பாக்கப் போயிடுவ."

"அப்படியெல்லாம் கேக்கலாமாடா? பாவம் இல்லையா?"

"கேக்கறதுல என்னம்மா பாவம்? அவரே கேட்டாரே. சிலுவைக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல முகங்குப்புற விழுந்து, இது வேண்டாம்னுதானே கேட்டாரு. கிடைக்கல. ஆனா ஏன் கேட்டேன்னு யாரும் அவரைத் திட்டலையே." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "நானா எதுவும் பண்ணிக்க மாட்டேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம். எடுத்துக்கங்கன்னு கேக்கறேன், அவ்வளவுதான். குடுக்கறதும் குடுக்காததும் அவர் கையில."

"அவர் கை, அவர் கைங்கற. நீ மேலேர்ந்து விழுந்தப்ப அந்தக் கை எங்கடா போச்சு?"

 அவள் அப்படி ஒன்றைத் தன் மனசுக்குள்ளேகூடக் கேட்டதில்லை. அது தன் வாயிலிருந்து வந்ததா என்று மருமகள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"அதைத்தான் நானும் ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றான் மகன் மெதுவாக. "பதிலே வரல. சில நாள் கோவம் வரும், கெட்ட வார்த்தையிலகூடக் கேட்டிருக்கேன். ஆனா ஒண்ணும்மா. அன்னைக்கு நான் யார் கையிலயும் இல்லாம சும்மாவே விழுந்தேன்னு நினைச்சுப் பாக்கறேன். அதை நினைச்சா இதைவிடப் பயமா இருக்கு."

அவள் அவன் மேல் கிடந்த போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்தச் சீட்டு உன்னோடது. பாதியில விட்டுடாதம்மா."

"போடா."

"யாரோ ஒருத்தன்னு நினைச்சப்ப எவ்வளவு உருகிக் கேட்ட? எனக்குக் கேட்டுச்சு. நம்ம சீட்டுதான்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. நிறுத்தாம இருக்கட்டும்னுதான் சும்மா கிடந்தேன்."

அவள் கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. இதுவரை ஜெபம் என்பது அவளுக்கு வரிசையும் நேரமும் உள்ள வேலை. இப்போதுதான் அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார், தான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது முதுகுத்தண்டில் சில்லிட்டது. மகனுக்கு நல்லது என்று எதைக் கேட்பது? கேட்டால் என்ன ஆகும்? கேட்காமல் விட்டால் என்ன ஆகும்?

வெள்ளிக்கிழமை அவன் நினைவு தப்பியது. டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி மருந்தை மாற்றினார். "நாளைக்குக் காலையிலயும் இறங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம். ஆனா உடம்புல தெம்பே இல்ல. எதுக்கும் மனசைத் தயார் பண்ணி வெச்சுக்குங்க." மருமகள் அன்று வேலைக்குப் போகவில்லை. இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளாமல், ஈரத்துணியை மாற்றி மாற்றிப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். மதியத்திலிருந்து அவன் வேலை நேரத்துப் பேச்சைப் பேச ஆரம்பித்தான்.

"ஏழாம் நம்பர்... ஏழாம் நம்பர் ஆஃப் பண்ணியாச்சா?"

அந்த நம்பர் லைனில் கரண்டை நிறுத்தியாச்சா என்று, கம்பத்தில் ஏறும் முன் கீழே நிற்பவரிடம் கேட்கும் கேள்வி அது. அன்றைக்கும் கேட்டிருக்கிறான். ஆஃப் பண்ணியாச்சு என்று யாரோ சொல்லியும் இருக்கிறார்கள். மருமகள் துணியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணியாச்சாண்ணே?"

"பண்ணியாச்சுப்பா" என்றாள் அம்மா. "நீ ஏறாத. இறங்கி வந்துடு."

நாலு மணிக்குப் போதகர் வந்தார். நாற்பது வயசுக்காரர், பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதிவிட்டு மற்ற நேரத்தில் சபையைப் பார்த்துக்கொள்பவர். வந்த வேகத்திலேயே, "சபையில எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்கோம்மா, எப்படியும் எழும்பணும்னு" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவன் எடுத்துக்கச் சொல்லிக் கேக்கறான். நீங்க எழுப்பச் சொல்லிக் கேக்கறீங்க. ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகுது. அவர் எதை எடுப்பாரு?"

போதகருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் எதையோ சொல்ல வாயெடுத்து, கட்டிலில் கிடப்பவனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "தெரியலம்மா" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, தண்ணீர்ப் பேசினைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு துணியைப் பிழிய ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் இருந்தார். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. அவர் அதுவரை அந்த வீட்டில் சொன்ன எல்லாவற்றையும்விட அது அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

அவர் போனபோது ஆறு மணி. உடம்பு தானாகவே முழங்காலுக்குப் போயிற்று. கட்டிலின் கால்மாட்டில், அவன் பாதத்துக்குப் பக்கத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பாதம் அடுப்புக்கல்லாகச் சுட்டது. ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. நாளைக்கு எக்ஸ்சேஞ்சில் கேட்பார்களே, பாதியில் ஏன் லைனை விட்டாய் என்று, அந்த மாதிரி ஒரு அசட்டு நினைப்புக்கூட வந்தது. கடைசியில் சீட்டில் உள்ளதைச் சொன்னாள். முழுதும் உள்ளபடி அல்ல.

"நெடுநாளாப் படுத்த படுக்கையா இருக்கிற என் மகன்" என்றாள்.

மகனைப் பற்றி அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எதிரே நின்ற மருமகள் சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மா மிச்சத்தையும் சொன்னாள். இனியும் பாடுபடாமல். சீக்கிரம். உம்மிடம். ஒவ்வொன்றும் பல்லைப் பிடுங்குவது போல் வந்தது. சொல்லி முடித்துவிட்டு, இடி விழப் போகிறது என்று காத்திருப்பவள் போல் அப்படியே இருந்தாள். ஒன்றும் விழவில்லை. கட்டிலில் மூச்சு ஏறி இறங்கி ஏறியது. வாசலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

சனிக்கிழமை காலையில் அவன் தலையணை நனைந்திருந்தது. மருமகள் தொட்டுப் பார்த்துக் கத்தினாள். "அத்தை! வேர்த்திருக்கு!"

தொண்ணூற்றொன்பது. நர்ஸம்மா வந்து இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். "புது மருந்து பிடிச்சிருச்சு. இல்ல, நான் சொல்றேன், இது மருந்து மட்டும் இல்ல. அற்புதம்மா, அற்புதம்!" என்று கையைத் தட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். டைப்பிஸ்ட் ஐயா வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே வராமலே போனார். எட்டு மணிக்குள் போதகருக்குச் செய்தி போய், சபை முழுக்கப் பரவிவிட்டது. எக்ஸ்சேஞ்சம்மா வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தாள். உடம்பெல்லாம் பஞ்சாக இருந்தது. பிள்ளை இருக்கிறான். அடுப்படியில் நின்று ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது.

கேட்டது கிடைக்கவில்லை. அதற்குத்தான் இத்தனை பேரும் கை தட்டுகிறார்கள்.

எல்லாரும் போன பிறகு அவன் கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"இன்னும் இங்கதானா?" என்றான்.

 அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. மருமகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கீறல் விழுந்த கையை அவன் தலைமுடிக்குள் விட்டு அப்படியே வைத்துக்கொண்டாள். எதற்காக இவனை விட்டு வைத்தீர் என்று எக்ஸ்சேஞ்சம்மாவுக்குக் கேட்கத் தோன்றியது. கூடவே, விட்டு வைத்தீரே என்று காலில் விழவும் தோன்றியது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றன. தன் கணக்குக்குள் ஒருபோதும் அடங்காத ஒருவரிடம்தான் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பத்து மணிக்குத் துணி மாற்றுவதற்காக இருவரும் சேர்ந்து அவனைப் புரட்டினார்கள். காலைத் தூக்கிப் பிடித்திருந்த மருமகள் ஒரு நொடி நின்றாள். வலது குதிகாலில் கறுப்பாக ஒரு வட்டம். நேற்று இல்லை. அழுத்திப் பார்த்தாள், நிறம் மாறவில்லை. முதுகுப் புண்ணும் முதலில் இப்படித்தான் வந்தது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

ஒண்ணுமில்லப்பா என்று சொல்வதற்கு அம்மாவின் நாக்கு தயாராகவே இருந்தது. இரண்டு வருஷமாக அதைத்தான் சொல்லிவந்தது.

"குதிகால்ல புதுசா ஒண்ணு வந்திருக்குடா."

"பெருசா?"

"கட்டைவிரல் அகலம் இருக்கும். கறுத்திருக்கு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் இன்னும் சுவர்ப்பக்கமே இருந்தது.

"இனி என்னடா கேக்கட்டும் நான்? நீயே சொல்லு" என்றாள்.

"ஒண்ணும் கேக்காதம்மா. வந்திருக்குன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லு."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லு."

அவள் அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மணி பத்தேகால், ஜெபிக்கும் நேரமே அல்ல. குதிகால் கறுத்திருக்கிறது என்று சொன்னாள். எவ்வளவு அகலம் என்றும் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாததால், காலை இறக்கி வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.